அசையாத பச்சை: கொழும்பில் குட்டை ஊசியிலைச் செடிகள்

கொழும்பு வீட்டு முற்றத்தில் செவ்வரத்தை, குரோட்டன், காகிதப்பூ மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் நின்றால் போதும். வைகாசி மழை விழுந்து ஒரு மாதத்துக்குள் எது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்றே தெரியாது. கத்தரித்தால் இரண்டு கிழமைக்கு ஒழுங்காக இருக்கும், பிறகு பழையபடி காடு. இந்த ஊரில் செடி வளர்ப்பது சிரமமே இல்லை. ஒரே இடத்தில், ஒரே வடிவத்தில் நிற்கும் செடியைக் கண்டுபிடிப்பதுதான் சிரமம்.

அப்படி நிற்கும் செடிகளைத்தான் தோட்டத்தின் சட்டகம் என்கிறோம். பந்தலுக்குக் கால் போல. பூ வரும், போகும். கொடி படரும், காயும். சட்டகம் ஆண்டு முழுக்க அதே கோட்டில் நின்று மற்றதெல்லாம் எங்கே இருக்க வேண்டும் என்று காட்டும். உங்கள் தோட்டத்தில் அது இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. வாசற்படியில் நின்று கைபேசியில் ஒரு படம் எடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். நிறம் போன பிறகும் ஓர் உயரம், ஒரு உருண்டை, ஒரு கிடைக்கோடு கண்ணில் பட்டால் சட்டகம் இருக்கிறது. எல்லாம் ஒரே சாம்பல் குவியலாகத் தெரிந்தால் இல்லை.

குளிர்நாடுகளில் இந்த வேலையைச் செய்பவை பைன், ஸ்புரூஸ், சைப்ரஸ் போன்ற ஊசியிலை மரங்களின் குட்டை வகைகள். மார்கழியில் மற்ற மரமெல்லாம் இலை கொட்டி மொட்டையாக நிற்கும்போது, பனிக்கு நடுவே பச்சையாகவும் நீலமாகவும் மஞ்சளாகவும் தெரிபவை பெரும்பாலும் அவையே. இவை தனி இனங்கள் அல்ல. பெரிய காட்டு மரங்களில் தற்செயலாகத் தோன்றிய குள்ளர்கள். சில, விதையிலிருந்தே குட்டையாக முளைத்தவை. சில, ஒரு கிளையில் மட்டும் நெருக்கமாகப் பின்னி வளரும் துடைப்பக்கட்டு போன்ற முடிச்சிலிருந்து வெட்டி ஒட்டுக் கட்டியவை. கூம்பு வடிவக் குட்டை ஸ்புரூஸான 'கொனிக்கா' 1904இல் கனடாவின் அல்பேர்ட்டாவில், லகான் ஏரிப் பக்கம் காட்டில் கிடைத்தது. இன்று உலகெங்கும் விற்கும் கொனிக்காக்கள் அங்கே எடுத்த செடிகளின் வழி வந்தவை.

'குட்டை' என்பதற்கு அளவு உண்டு. அமெரிக்க ஊசியிலை மரச் சங்கத்தின் வகைப்பாட்டில், ஆண்டுக்கு 2.5 செ.மீக்கும் குறைவாக வளர்வது நுண்வகை, 2.5 முதல் 15 செ.மீ வரை வளர்வது குட்டை. 15 முதல் 30 செ.மீ வரை நடுத்தரம். அதற்கு மேல் பெரியது. அதாவது குட்டை என்றால் வளராதது என்று பொருளில்லை, மெதுவாக வளர்வது. இருபது ஆண்டு விட்டால் குட்டையும் ஆள் உயரத்தைத் தாண்டலாம். செடியின் சீட்டில் "10 ஆண்டில் 60 செ.மீ" என்று போட்டிருந்தால், அது ஆண்டில் பாதிக் காலம் மட்டும் வளரும் குளிர்நாட்டுக் கணக்கு. இங்கே பிழைக்கும் வகைகள் பன்னிரண்டு மாதமும் வளரும். சீட்டில் உள்ள அளவோடு இன்னும் பாதியைக் கூட்டித்தான் இடம் விட வேண்டும்.

பிழைக்கும் வகைகள் என்றேன். எல்லாம் பிழைக்காது. இணையத்தில் பார்த்து ஆசைப்படும் பெரும்பாலானவை கொழும்பில் சாகும். "ஹார்டி" என்ற சொல்தான் ஆட்களை ஏமாற்றுகிறது. கடினமான செடி, எதையும் தாங்கும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அந்தச் சொல் சொல்வது உறைபனியைத் தாங்கும் என்பதை மட்டுமே. வெப்பத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. குளிரின் கடுமையை வைத்து இடங்களை வலயங்களாகப் பிரித்து எண் கொடுத்திருக்கிறார்கள்; எண் கூடக் கூட இடம் சூடு. சீட்டில் "வலயம் 3–7" என்று இருந்தால் நமக்கு வேண்டியது 3 அல்ல, 7. அதற்கு மேற்பட்ட வெப்ப வலயங்களில் அதை நம்ப முடியாது என்று அந்த எண் சொல்கிறது. கொழும்புக்குச் செடி தேடுபவர் மேல் எண் 10 அல்லது 11 உள்ளதைத்தான் கையில் எடுக்க வேண்டும்.

ஏன் சாகின்றன? காரணம் இரண்டு. முதலாவது, ஸ்புரூஸ், ஃபிர், முகோ பைன் போன்றவற்றின் மொட்டுகளுக்கு உறக்கம் தேவை. பல கிழமை தொடர்ந்து குளிர் பட்டால்தான் மொட்டு விழித்து ஒழுங்காக விரியும். கொழும்பின் மிகக் குளிர்ந்த இரவிலும் வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே இறங்குவது அபூர்வம். இரண்டாவது, இரவுச் சூடு. செடி பகலில் வெயிலில் சமைத்த மாச்சத்தை இரவில் மூச்சுவிட்டுச் செலவழிக்கிறது; இரவு எவ்வளவு சூடோ அவ்வளவு செலவு. மலைக்காட்டுச் செடிக்கு 25 பாகை இரவு என்பது வரவை மிஞ்சிய செலவு. சேமிப்பு தீரும்வரை உயிரோடு இருக்கும், தீர்ந்ததும் போய்விடும்.

இதில் புதியவரைக் குழப்பும் ஒரு விஷயம் உண்டு. ஊசியிலைச் செடி செத்த பிறகும் பல கிழமை பச்சையாகவே நிற்கும். மார்கழியில் நுவரெலியாப் பக்கத்திலிருந்து இறங்கும், எலுமிச்சை வாசம் வீசும் மஞ்சள் சைப்ரஸ் 'கோல்ட்கிரெஸ்ட்' தைப்பொங்கல்வரை பளபளப்பாக இருந்துவிட்டு மாசியில் பழுப்பானால், அது மாசியில் சாகவில்லை, அதற்கு முன்பே போய்விட்டது. சந்தேகமாக இருந்தால் தண்டின் பட்டையை நகத்தால் ஒரு கீறு கீறுங்கள். உள்ளே ஈரமான பச்சை என்றால் உயிர் இருக்கிறது. உலர்ந்த பழுப்பு என்றால் சாடியைக் காலிசெய்யலாம். ஹக்கலைத் தோட்டத்தில் செழிப்பாக நிற்பதைக் கண்டு அதே இனத்தை வெள்ளவத்தைக்குக் கொண்டுவருவதும் இதே பிழைதான். ஹக்கலை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,700 மீற்றர் உயரம். வெள்ளவத்தையில் கடல் கண்ணெதிரே.

எவை நிற்கும்

கொழும்புக்கு ஒரே ஒரு செடியைத்தான் சொல்லலாம் என்றால் பொடோகார்பஸ் மக்ரோஃபில்லஸ். சீனரும் ஜப்பானியரும் கோயில் முற்றங்களில் நூற்றாண்டுகளாக வளர்ப்பது. சீனத்தில் இதற்கு அரஹத் பைன் என்ற பொருளில் பெயர். சிவந்த சதைக் காம்பின்மேல் உட்கார்ந்திருக்கும் பச்சை விதை, காவி போர்த்திய மொட்டைத்தலைத் துறவி போல இருப்பதால். இலை ஊசி அல்ல, அலரி இலையைச் சுருக்கியது போல ஒடுங்கிய பட்டை. நம்மூர் ஈரமும் வெப்பமும் உப்புக்காற்றும் இதற்குப் பொருட்டல்ல. நாளுக்கு மூன்று நான்கு மணி நேர வெயில் போதும். எல்லாவற்றுக்கும் மேலாக, எங்கே வெட்டினாலும், இலையில்லாத பழைய கட்டையில் வெட்டினாலும், துளிர்க்கும். தூண், கூம்பு, உருண்டை, வேலி எதுவாகவும் ஆக்கலாம். வேலிக்கு என்றால் 60 செ.மீ இடைவெளி. விட்டால் மரமாகிவிடும் என்பதால் உண்மையில் இது குட்டை வகை அல்ல, கத்தரிக்கோலால் குட்டையாக்கப்படுவது. இலை குறுகிய, நெருக்கமான 'மக்கி' என்ற வகை கிடைத்தால் அதையே வாங்குங்கள். விதை விழுங்கினால் வயிற்றைக் கலக்கும். கைக்குழந்தையும் நாய்க்குட்டியும் உள்ள வீட்டில் காய்த்தால் பொறுக்கி எறியுங்கள்.

இரண்டாவது, நர்சரிகளில் 'துஜா' என்றோ வெறுமனே 'சைப்ரஸ்' என்றோ விற்கும் பிளாட்டிக்ளாடஸ் ஓரியன்டாலிஸ். கிளைகள் தட்டையான விசிறிகளாக, புத்தகத் தாள்களை நிமிர்த்தி வைத்தது போல நேராக நிற்பதை வைத்து அடையாளம் காணலாம். இதன் 'அவ்ரியா நானா' வகை தானாகவே முட்டை வடிவம் எடுக்கும், நுனி பொன்மஞ்சள். வெட்டாமலே வடிவத்தில் நிற்கும் உண்மையான குட்டை இதுதான். ஆனால் ஆறு மணி நேரம் நேர்வெயில் வேண்டும், இலைக்கு நடுவே காற்று ஓட வேண்டும். சுவரோடு ஒட்டி, மூன்றை நெருக்கி வைத்தால் இரண்டு மழைக்காலத்துக்குள் உள்ளே கருகும். செடிக்குச் செடி குறைந்தது 90 செ.மீ.

மூன்றாவது ஜூனிபர், ஜூனிபெரஸ் சினென்சிஸின் 'கைசுகா' போன்ற வகைகள். வெயிலும் உப்பும் தாங்கும், முறுக்கிய தீச்சுடர் போன்ற அழகும் உண்டு. ஆனால் தொடர் மழையில் வேர் அழுகும். நிலத்தில் வைப்பதைவிட உயர்ந்த பாத்தியிலோ சாடியிலோ வைப்பதே புத்தி. முதல் செடியாக இதை வாங்க வேண்டாம். தரையோடு படரும் நீல ஜூனிபர்களை இங்கே யோசிக்கவே வேண்டாம்.

கிறிஸ்மஸ் மரம் என்ற பெயரில் விற்கும் அரோகாரியாவும் கொழும்பில் நன்றாக வளரும். அதுதான் பிரச்சினை. நோஃபோக் தீவில் அது 50 மீற்றரைத் தாண்டும் மரம். எட்டுப் பேர்ச்சஸ் காணியில், மதிலிலிருந்து நான்கடி தள்ளி வைத்தவர்கள் பின்னால் மின்கம்பிக்காக அதன் தலையை வெட்ட நேர்கிறது. தலை போன அரோகாரியா பழைய அடுக்கு வடிவத்துக்குத் திரும்பாது. பக்கக் கிளையை வெட்டி வேர்பிடிக்க வைத்தாலும் அது நிமிராமல் வாழ்நாள் முழுக்கப் படுத்தே வளரும். சாடியில் சில ஆண்டு வைத்திருந்துவிட்டு, இடம் உள்ளவருக்குக் கொடுப்பதே நல்லது.

இரண்டு ஆள்மாறாட்டங்களையும் சொல்லிவிடலாம். சவுக்கு, அதாவது காரைநகர்க் கசூரினா கடற்கரைக்குப் பெயர் கொடுத்த மரம், ஊசியிலை போலத் தோன்றினாலும் பூக்கும் தாவர வகை. சைக்கஸ் பனையும் அல்ல, ஊசியிலை மரமும் அல்ல. ஆனால் சட்டகத்துக்குச் சாதி பார்க்கத் தேவையில்லை. காலி வீதியின் கடற்பக்கத்தில், உப்புக்காற்று நேராக அடிக்கும் வளவில் ஓர் உயரமான மறைப்பு வேண்டுமென்றால், வெட்டி அடக்கிய சவுக்கு வேலி நன்றாகவே வேலை செய்யும்.

எங்கே, எத்தனை

மூன்றுக்கு ஐந்து மீற்றர் முன்முற்றம் என்று வைத்துக்கொள்வோம். 1.5 மீற்றரில் அடக்கிய ஒரு பொடோகார்பஸ் தூண், மூன்று துஜா உருண்டைகள், அவ்வளவே போதும். தூணை நடுவில் வைக்காதீர்கள். வாசற்கதவிலிருந்து பார்க்கும்போது மூன்றில் ஒரு பங்கு தள்ளி ஒரு பக்கமாக வரட்டும். உருண்டைகள் ஒரே வரிசையில் நிற்காமல் இரண்டு ஒரு பக்கமாகவும் ஒன்று எதிர்ப்பக்கமாகவும் நிற்கட்டும். மீதி இடம் செவ்வரத்தைக்கும் நந்தியாவட்டைக்கும். வகைக்கு ஒன்றாக ஏழு வாங்கி அடுக்கினால் அது நர்சரி மேசை, சட்டகம் அல்ல.

வாங்கும்போது

பத்தரமுல்லை தியத்த உயனவிலோ வீதியோர நர்சரியிலோ வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, விலை அல்ல: இந்தச் செடி எங்கே வளர்ந்தது? மலைநாட்டில் வளர்ந்து நேற்று லொறியில் இறங்கியதென்றால் விட்டுவிடுங்கள். தாழ்நிலத்தில் குறைந்தது ஒரு மழைக்காலமும் ஒரு வெயிற்காலமும் கழித்த செடியே நம்பத்தக்கது. பிறகு கிளைகளை விலக்கி உள்ளே பாருங்கள். தண்டோரம் கொஞ்சம் பழுப்பு இயல்பு. கையளவு கருகல் நோய். பையிலிருந்து மெல்ல உருவி வேரைப் பாருங்கள். வெள்ளை நுனிகள் நல்லது. பம்பரக் கயிறு போலச் சுற்றிய தடித்த வேர் என்றால் நிலத்தில் வைத்த பிறகும் அது சுற்றிக்கொண்டே போய்த் தன் கழுத்தைத் தானே நெரிக்கும். கொழுத்த பெரிய செடியைவிட 30 செ.மீ உயரச் சின்னச் செடி வேகமாக வேர்பிடிக்கும், காசும் மிச்சம்.

நடுவது

ஆவணி நடுப்பகுதியிலிருந்து புரட்டாதி முடியும்வரை நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகைப் பெருமழைக்கு முன் வேர் கொஞ்சம் ஊன்றிவிடும். தை முதல் பங்குனி வரையான வரட்சியில் நடுவது வீண் சிரமம்.

முதலில் நிலத்தைச் சோதியுங்கள். ஓர் அடி ஆழக் குழி தோண்டி நீர் நிரப்பி வடிய விட்டு, மறுபடி நிரப்புங்கள். இரண்டாம் முறை மணிக்கு 2.5 செ.மீயாவது இறங்க வேண்டும். இறங்காவிட்டால் அந்த இடத்தில் குழி தோண்டாமல், 30 செ.மீ உயரப் பாத்தி கட்டி அதன்மேல் நடுங்கள். வீடு கட்டிய மிச்சம் புதைந்த மண் கொழும்பில் சாதாரணம். சீமெந்துக் கட்டிகள் மண்ணைக் காரமாக்கும். துஜா பொறுத்துக்கொள்ளும், பொடோகார்பஸின் இலை மஞ்சளாகும். கண்டதைப் பொறுக்கி எடுத்துவிடுங்கள்.

குழியின் அகலம் வேர்க்கட்டியைப்போல் இரண்டு மடங்கு. ஆழம் வேர்க்கட்டியின் உயரத்தைவிட 5 செ.மீ குறைவு. செடி நிலமட்டத்துக்குச் சற்று மேலே நிற்க வேண்டும், ஏனென்றால் மண் அமரும், மழை சேறு கொண்டுவரும். தண்டின் கழுத்து புதைந்தால் அழுகல் அங்கேதான் தொடங்கும். தோண்டிய மண்ணையே திரும்பப் போடுங்கள். குழிக்குள் மட்டும் கொழுத்த எருவை நிரப்பினால் அது நீர் தேங்கும் கிண்ணமாகிவிடும், வேரும் அதைவிட்டு வெளியே போகாது. கூட்டெருவை மேலே, தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, 5 செ.மீ தடிப்பில் பரப்பினால் போதும்.

சாடி என்றால் 40 செ.மீ வாய் அகலம். நர்சரிக்காரர் தரும் கலவையில் பெரும்பங்கு தும்புத்தூள். தூக்க இலேசு, ஆனால் மழைக்காலத்தில் நனைந்த பஞ்சு, ஓராண்டில் மக்கி அமிழ்ந்துவிடும். 10 லீற்றர் வாளிக் கணக்கில் இப்படிக் கலக்கலாம்: ஒன்றரை வாளி பொடிச்சல்லி அல்லது உடைத்த ஓட்டுத் துண்டு, ஒரு வாளி செம்மண், ஒரு வாளி நன்கு மக்கிய கூட்டெரு, அரை வாளி கழுவிய தும்புத்தூள். கடல்மணல் சேர்க்க வேண்டாம், உப்பு. அடியில் கல் பரப்பும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். மேலேயுள்ள நுண்மண் முழுக்க ஊறித் ததும்பினால்தான் நீர் கல்லுக்குள் இறங்கும்; ஆக, கல் போட்டால் ஈரம் வேருக்கு அருகே இன்னும் மேலே வந்து நிற்கும். துளைமேல் ஒரு வலைத்துண்டு போதும். மேற்குப் பார்த்த பலகணியில் கறுப்புப் பிளாஸ்டிக் சாடி மாலை வெயிலில் கொதிக்கும். மண்சாடி வையுங்கள், அல்லது அதைப் பெரிய சாடியொன்றுக்குள் இறக்கி வையுங்கள். சாடிக்குக் கீழே தட்டு வேண்டாம். வேர் அழுகுவது ஒரு பக்கம், டெங்கு நுளம்பு மறுபக்கம். சோதனைக்கு வரும் சுகாதாரப் பரிசோதகருக்கு உங்கள் செடியின் அழகு முக்கியமல்ல.

தண்ணீர், உரம், கத்தரி

மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான் என்பார்கள். இந்தச் செடிகளைப் பொறுத்தவரை, வைத்தவன் ஊற்றும் தண்ணீரில்தான் பாதி சாகின்றன. விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் பட்டால் அன்று வேலை இல்லை. நிலத்தில் வைத்த செடிக்கு முதல் மூன்று மாதம், மழையில்லாத நாட்களில், மூன்று நாளுக்கொரு முறை 8 முதல் 10 லீற்றர். நாளுக்கு ஒரு கோப்பை தெளிப்பது மேல்மண்ணை மட்டும் நனைத்து வேரை மேலேயே நிறுத்திவிடும். காலையில், அடியில் ஊற்றுங்கள். மாலையில் இலைமேல் பீச்சினால் இரவு முழுக்க இலை காயாது, பங்கசுக்கு அழைப்பு. கடலோர வீடுகளில் மட்டும் ஒரு விதிவிலக்கு: தென்மேல் பருவக்காற்று பலமாக அடித்த நாளுக்கு மறுநாள் காலை இலைகளை நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள்.

உரம் கொஞ்சம். அல்பேர்ட் கரைசல் என்றால் பொதியில் போட்டதில் பாதி வலிமை, மாதம் ஒரு முறை. தழைச்சத்தை அள்ளிக் கொடுத்தால் குட்டை தன் குட்டைத்தனத்தை மறக்கும், தண்டு நீண்டு இடைவெளி விழும்.

கத்தரிப்பதில் ஒரே ஒரு விஷயம் தெரிந்தால் போதும். பொடோகார்பஸ் பழைய கட்டையிலும் துளிர்க்கும், துஜாவும் ஜூனிபரும் துளிர்க்காது. அவற்றில் பச்சையைத் தாண்டி உள்ளே வெட்டிய இடம் நிரந்தரப் பொத்தல். ஐந்தில் வளைக்காத துஜாவை ஐம்பதில் வளைக்க முடியாது. சின்னதிலிருந்தே, ஆண்டுக்கு ஒரு முறை, நுனியை மட்டும் கிள்ளுங்கள், பச்சையின் ஆழத்தில் மூன்றிலொரு பங்கைத் தாண்டாமல். பொடோகார்பஸை ஆண்டுக்கு மூன்று நான்கு முறை, இளந்துளிர் முற்றுவதற்கு முன் வெட்டலாம். வேலியானால் அடி அகலமாக, தலை ஒடுங்கலாக வையுங்கள். தலைகீழானால் கீழ் இலைக்கு வெயில் கிடைக்காமல் கால் தெரியும்.

பழுப்பு எதைச் சொல்கிறது

செடி முழுக்க, சீராக, தண்டோர உள்ளிலைகள் மட்டும் காய்ந்தால் அது முதுமை, உலுக்கி உதிர்த்துவிடுங்கள். கீழ்க்கிளையில் உள்ளிருந்து தொடங்கி வெளியே, மேலே நகர்ந்தால் இலைக்கருகல் பங்கசு. கருகியதை வெட்டி எரித்து, காற்றுக்கு வழிவிட்டு, செம்பு சார்ந்த பங்கசுநாசினியைப் பொதியில் சொன்னபடி புதுத்துளிர் வரும்போது அடியுங்கள். கத்தரியை ஸ்பிரிட்டால் துடைத்த பிறகே அடுத்த செடிக்குப் போங்கள். வெயிற்காலத்தில் இலை பளபளப்பு மங்கி, தூசி படிந்த சாம்பல் நிறமானால், ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துக் கிளையைத் தட்டுங்கள். தாளில் விழுந்த புள்ளிகள் நகர்ந்தால் சிலந்திப்பேன். மூன்று நாளுக்கொரு முறை, காலையில், குழாய் நீரை இலையின் கீழ்ப்புறம் வேகமாகப் பீச்சினாலே இரண்டு கிழமையில் அடங்கும். பொடோகார்பஸின் இளந்துளிரில் நீலச்சாம்பல் அசுவினி மொய்த்தால், வெட்ட வேண்டிய துளிர்தானே, அதோடு சேர்த்து வெட்டி எறிந்துவிடுங்கள்.

மழைக்காலத்தில் மண் ஈரமாக இருக்கும்போதே செடி வாடினால் தண்ணீர் போதாது என்று எண்ணி இன்னும் ஊற்றாதீர்கள். வேர் அழுகுகிறது. உருவிப் பார்த்தால் வேரின் தோல் கறுத்துக் கையோடு கழன்று வரும். பாதிக்கு மேல் அப்படியென்றால் காப்பாற்ற முடியாது. அந்த மண்ணையும் வேறு சாடிக்குப் போட வேண்டாம்.

உருண்டையாக நின்ற துஜாவில் ஒரு கிளை மட்டும் மற்றதைவிட இரண்டு மடங்கு வேகமாக நீண்டால், அது பழைய பெருமரத்தின் குணத்துக்குத் திரும்பும் கிளை. நுனியை வெட்டினால் போதாது. அது தொடங்கும் இடம்வரை போய் அடியோடு எடுங்கள். விட்டால் இரண்டு ஆண்டில் செடி முழுவதும் அந்தக் கிளையாகிவிடும்.